வடகரையில் நடந்த பெண்டியம் போர்

‘இன்டெல் இன்சைட்’ ஸ்டிக்கரை 1991-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதட்டும். அதற்கு இருநூற்றைம்பது வருடத்துக்கும் முன்னாலேயே எங்கள் வடகரைப் பாளையக்காரர் அந்த வேலையை முடித்துவிட்டார். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதில் அருவி வருகிறது, குரங்கு வருகிறது, குறத்தி வருகிறாள், குற்றாலநாதர் வருகிறார். நடுவில், கேட்கிறவர்கள் கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து, பாளையக்காரர் சின்னணஞ்சாத் தேவர் பெயரும் வந்துவிடுகிறது. பாட்டு சாமியுடையது, உள்ளே இருப்பது ஜமீன். ஊருக்கு இது தெரிந்தால் போதும், செலவழித்த காசு வசூலாகிவிட்டது.

சொக்கம்பட்டியை இருப்பிடமாகக் கொண்டிருந்த அந்தப் பாளையத்துக்கு வடகரைப் பாளையம் என்றே பெயர். திருநெல்வேலிச் சீமைப் பாளையங்கள் மேற்குக் கட்சி, கிழக்குக் கட்சி என்று பிரிந்து கிடந்தன. மேற்கே நெற்கட்டும்செவல் பூலித்தேவர், கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி. இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தை முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நவாபும் கும்பினியும் கிஸ்தி வசூலித்துக்கொண்டு போனார்கள். இன்டெலும் ஏஎம்டியும் அடித்துக்கொண்ட ஐம்பத்தைந்து வருடக் கதைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த மருமக்கள்மார் பொறுத்துக்கொள்ளவும்.

ஆதியில் ஃபேர்சைல்டு என்றொரு பாளையம் இருந்தது. ஷாக்ளி என்ற மேதாவியிடம் வேலை பார்த்துப் பொறுக்க முடியாமல் எட்டுப் பேர் கூண்டோடு கிளம்பி வந்து 1957-ல் கண்ட பாளையம் அது. ஓடிவந்தவர்கள் கட்டிய வீட்டில் பிள்ளைகள் மட்டும் தங்குமா? 1968 ஜூலையில் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் வெளியேறினார்கள். என்ன செய்யப் போகிறோம் என்பதையே பூடகமாக ஒரு தாளில் எழுதி நீட்டினார்கள். ஆர்தர் ராக் என்ற முதலீட்டுக்காரர் நாலு பேருக்கு போன் போட்டார்; 25 லட்சம் டாலர் வந்து விழுந்தது. பெயர் இன்டெல். கிட்டத்தட்ட அதே பெயரை ஒரு ஓட்டல் கம்பெனி ஏற்கெனவே வைத்திருந்ததால் 15,000 டாலர் கொடுத்து அந்த உரிமையை வாங்கினார்கள். ஓட்டல்காரருக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம்.

அடுத்த வருடம் மே 1-ம் தேதி ஜெர்ரி சாண்டர்ஸ் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு ஏஎம்டியைத் தொடங்கினார். இவர் ஃபேர்சைல்டில் சரக்கு விற்றவர். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் குனிந்து நடந்த காலத்தில் சினிமா நடிகர் மாதிரி உடுத்தி நிமிர்ந்து நடந்தவர். அதனாலேயோ என்னவோ, காசு கொடுக்கிறவர்கள் இவரைக் கண்டால் யோசித்தார்கள். படி படியாக ஏறி இறங்கிச் சேர்த்தது 15 லட்சம் டாலர் சொச்சம். அப்படிப் போட்டவர்களில் ஒருவர் ராபர்ட் நாய்ஸ்! எதிர்ப் பாளையம் வேல் வாங்கக் காசு கொடுத்து அனுப்பிய பெரிய மனுசன். பின்னால் இன்டெல் பாளையத்தில் இவரைப் போல ஒருத்தரும் தலைமைக்கு வரவில்லை.

1971-ல் பிஸிகாம் என்ற ஜப்பான் கால்குலேட்டர் கம்பெனிக்காகச் செய்ததுதான் 4004. இன்டெலின் முதல் பிராசசர், 2,300 டிரான்சிஸ்டர். அதை விடுங்கள். 1981-ல் ஐபிஎம் என்ற நவாப் பெர்சனல் கம்ப்யூட்டர் செய்யப் புறப்பட்டு இன்டெலின் 8088-ஐ எடுத்தார். எடுத்ததும் நவாபுக்கு ஒரு ரோசனை. ஒருத்தனிடம் மட்டும் சரக்கு வாங்கினால் குடுமி அவன் கையில் போய்விடும். இன்னொருத்தனும் இதே சரக்கைச் செய்து தர வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் 1982-ல் இன்டெல் ஏஎம்டியோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. ஆக, ஏஎம்டிக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர், ‘எதற்கும் இன்னொருத்தன் இருக்கட்டும்’ என்பதற்காகக் கிடைத்தது. வீட்டில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

286 என்ற சிப் வரை சுமுகமாகப் போனது. 1985-ல் 386 வந்ததும் இன்டெல் வரைபடத்தைக் கொடுக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டது. 1987-ல் மத்தியஸ்தம், அப்பீல், மேல் அப்பீல் என்று இழுத்து 1994-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் ஏஎம்டி பக்கம் தீர்ப்பு வந்தது. ஏழு வருடம் கேஸ் நடந்தது என்று அமெரிக்காக்காரர்கள் மாய்ந்து மாய்ந்து எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் வாய்க்கால் மடைத் தகராறு ஏழு வருடத்தில் முன்சீப் கோர்ட்டையே தாண்டாது. தீர்ப்புக்குக் காத்திராமல் ஏஎம்டி 1991-ல் தானே ஒரு 386 செய்து சந்தைக்கு விட்டது. இன்டெலின் 386 ஓடியது 33 மெகாஹெர்ட்ஸ், இது 40. விலையும் குறைவு. ‘386 எங்கள் பெயர்’ என்று இன்டெல் கோர்ட்டுக்கு ஓட, நம்பரை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரிதானே, நாளைக்கு யாராவது ஏழாம் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு போனால் வாய்ப்பாடு என்ன ஆவது?

அந்தக் கோபத்தில் பிறந்த பெயர்தான் பெண்டியம். 1993 மார்ச். நம்பர் கிடையாது, யாரும் காப்பியடிக்க முடியாது. இது இன்டெல் செய்த காரியங்களிலேயே பெரியது என்பேன். சிப்பைச் சொல்லவில்லை, பெயரை. அந்த ஐந்தெழுத்துச் சப்தம் அட்லாண்டிக் தாண்டி, அரபிக்கடல் தாண்டி, ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கி வந்து செங்கோட்டை, பண்பொழி, அச்சன்புதூர், வடகரை என்று ஊர் ஊராக உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை யாரும் கம்ப்யூட்டர் என்று கேட்கவில்லை.

அந்தப் பெண்டியத்தைச் செய்த கூட்டத்தின் தலைவர் நம்மவர், புனேக்காரர் வினோத் தாம். ‘பெண்டியத்தின் தந்தை’ என்று பட்டமே உண்டு. தந்தை என்ன செய்தார்? 1995-ல் கட்சி மாறினார். நெக்ஸ்ஜென் என்ற சின்னக் கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனியை அப்படியே ஏஎம்டி வாங்கிப் போட்டது. அங்கே கிடைத்த சரக்கை வைத்து 1997-ல் கே6 என்று பெண்டியத்துக்கு எதிராகவே ஒரு சிப் இறங்கியது. தளவாய் கோட்டைச் சாவியோடு எதிர் முகாமுக்குப் போவது பாளையப்பட்டுக் கதைகளில் புதிதல்ல. தமிழ்நாட்டில் தேர்தல் பார்த்தவர்களுக்கும் புதிதல்ல.

நடுவில் 1994-ல் ஒரு கூத்து. லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பெண்டியத்துக்கு வகுத்தல் சரியாக வரவில்லை என்று கண்டுபிடித்தார். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். பெண்டியம் 256 என்றது. சாதாரண ஆளுக்கு இந்தத் தப்பு 27,000 வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று இன்டெல் சமாதானம் சொல்லிப் பார்த்தது. ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் மாற்றித் தருகிறோம் என்று இறங்கி வந்து 47.5 கோடி டாலரைக் கணக்கில் எழுதினார்கள். வேறு சரக்காக இருந்தால் பெயர் நாறியிருக்கும். இங்கே நடந்தது தலைகீழ். அதுவரை பிராசசர் என்று ஒன்று இருப்பதே தெரியாத சனங்கள் தினசரி பேப்பரில் பெண்டியம் பெண்டியம் என்று படித்தார்கள். கணக்குத் தெரியாத பிள்ளை என்று கெட்ட பெயர் எடுத்தே ஊரறிந்த பிள்ளையாகிவிட்டது.

இனி தென்காசி. காலம் 1999-லிருந்து ஒரு ஏழெட்டு வருடம். காசி விஸ்வநாதர் கோயிலைச் சுற்றி அசெம்பிள்டு கம்ப்யூட்டர் கடைகள் முளைத்த காலம். சரக்கு சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும். செங்கோட்டை ரயிலில் ஒருத்தர் போய், பகலெல்லாம் அந்தச் சந்துகளில் அலைந்து, மதர்போர்டை மடியிலும் ஹார்டுடிஸ்கைத் துண்டிலும் வைத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் திரும்புவார். வாங்குகிறவர்கள் யார்? கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைக்காரர், போட்டோ ஸ்டுடியோ, புதிதாக பிரவுசிங் சென்டர் போடுகிற பையன். வடகரையில் இன்னொரு ரகமும் உண்டு. அத்தா ரியாத்திலோ தம்மாமிலோ இருப்பார். யாஹூ மெசஞ்சரில் குரல் கேட்க வேண்டும். அதற்கு ஒரு பெட்டி.

பெட்டி வாங்க யாரும் தனியாகப் போனதில்லை. பையன், மாமா, மாமாவுக்குத் தெரிந்த ஒரு வாத்தியார், டிப்ளமோ படித்த ஒரு மச்சான், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெரியவர். கடை அண்ணாச்சி ஐந்து பேருக்கும் டீ சொல்லிவிட்டு உட்காருவார்.

“அண்ணாச்சி, பெண்டியம் இருக்கா?”

“த்ரீயா, ஃபோரா?”

“எது பெருசு?”

“ஃபோர்.”

“அப்ப அது.”

டிப்ளமோ மச்சான் தொண்டையைச் செருமுவான். “ஏஎம்டின்னு ஒண்ணு இருக்குல்லா. ரெண்டாயிரம் மூவாயிரம் கம்மின்னு சொல்லுதாவ. வேகமும் கூடவாம்.”

அண்ணாச்சி மறுக்க மாட்டார். டீ கிளாஸைக் கீழே வைப்பார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொல்கிற தொனியில் சொல்வார்: “இருக்கு. எடுக்கலாம். ஆனா, சூடாகும்.”

அவ்வளவுதான். பெரியவர் எழுந்து வேட்டியை உதறுவார். “சூடாவுற சாமானம் வீட்டுக்கு எதுக்குடே? பிள்ளைய புழங்குற எடம்.” ஜெர்ரி சாண்டர்ஸ் முப்பது வருடம் கட்டிய கோட்டை அந்த ஒரு சொல்லில் மண்ணாகும்.

யோசித்துப் பாருங்கள், இந்தப் பயம் எங்கே நடக்கிறது? ஆனி பிறந்தால் சாரல். மேக்கரையில் அடவிநயினார் அணைக்கு மேலே மேகம் வந்து உட்கார்ந்தால் வடகரையில் கொடியில் போட்ட துண்டு மூன்று நாளைக்குக் காயாது. தீப்பெட்டி நமத்துப்போகும், அப்பளம் நமத்துப்போகும். கதகதப்பாக ஒரு பெட்டி வீட்டில் இருந்தால் ஈரத் துணியையாவது மேலே போட்டு வைக்கலாம். அப்படிப்பட்ட ஊரில் சிப் சூடாகிவிடும் என்று நடுங்கினோம்.

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏஎம்டியின் அன்றைய ஆத்லான் சிப்பை மாட்டுவது ஒரு வித்தை. சிப்பின் நடுவே சுண்டு விரல் நகம் அகலத்துக்கு அதன் உயிர் மூடியில்லாமல் திறந்து கிடக்கும். அதன் மேல் பேஸ்டைத் தடவி, ஃபேன் வைத்த அலுமினியக் கட்டியை உட்காரவைத்து, ஒரு இரும்புக் கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் அழுத்தி மதர்போர்டுக் கொக்கியில் மாட்ட வேண்டும். கிளிப் விறைப்பாக இருக்கும். அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்தால் சிப்பின் முனை நொறுங்கும். ஸ்குரூ டிரைவர் வழுக்கினால் மதர்போர்டில் கோடு விழும். எது நடந்தாலும் அண்ணாச்சி காசு. பெண்டியம் ஃபோருக்கோ உலோகத் தொப்பி. இரண்டு பக்கம் நெம்புகோலை மடக்கினால் வேலை முடிந்தது. மூவாயிரம் மிச்சமாவது வாடிக்கையாளருக்கு, கை நடுங்குவது அண்ணாச்சிக்கு. அப்படியிருக்க அவர் எதை எடுத்துக் காட்டுவார்?

போதாததற்கு 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம் ஒரு வீடியோ போட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசசர் மேலிருந்து அந்த அலுமினியக் கட்டியைப் பிடுங்கினார்கள். பெண்டியம் ஃபோர் மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாக ஓடியது. ஆத்லான் சில நொடிகளில் புகைவிட்டுச் செத்தது. தென்காசி பிரவுசிங் சென்டர் வேகத்தில் அந்த வீடியோவை யாரும் முழுசாகப் பார்த்திருக்க முடியாது. ஆனால் கதை வந்து சேர்ந்துவிட்டது. ஓடுகிற பெட்டியைத் திறந்து அந்தக் கட்டியை எந்த வீட்டில் யார் பிடுங்கப் போகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பக்கம் இன்டெல் கடைக்காரர்களையே கையில் போட்டுக்கொண்டது. ‘ஜெனுயின் இன்டெல் டீலர்’ என்று பெயர்ப்பலகை, போஸ்டர். பெரிய கம்பெனிகளுக்கு விளம்பரச் செலவில் பங்கு; டிவியில் பெட்டி விளம்பரம் முடியும்போது அந்த ஐந்து ஸ்வரம் ஒலித்தால் இன்டெல் காசு தரும். ஏஎம்டியிடம் நல்ல சிப் இருந்தது, ஸ்வரம் இல்லை.

வேகத்தையாவது காட்டி ஜெயிக்கலாம் என்று பார்த்தார்கள். 2000 மார்ச் 6-ம் தேதி ஒரு கிகாஹெர்ட்ஸைத் தொட்ட முதல் ஆள் ஏஎம்டி. இன்டெல் வந்தது 8-ம் தேதி. இரண்டு நாள் இடைவெளி. தென்காசியில் இது யாருக்கும் தெரியாது. பிறகு பெண்டியம் ஃபோர் வந்தது. ஒரு துடிப்பில் செய்கிற வேலை குறைவு, துடிப்பு மட்டும் அதிகம். எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிற சனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏஎம்டி 2001-ல் ஒரு தந்திரம் செய்தது. 1,533 மெகாஹெர்ட்ஸ் ஓடுகிற ஆத்லான் எக்ஸ்பிக்கு ‘1800 பிளஸ்’ என்று பெயர் வைத்தது. வேலையில் 1,800-க்குச் சமம் என்று அர்த்தம். நியாயமான பேச்சுதான். ஆனால் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து ஆன் செய்ததும் கருப்புத் திரையில் 1533 என்று ஓடியது. மறுநாள் காலை கடை திறக்குமுன் ஐந்து பேரும் வாசலில். “என்னவே, மிச்சம் இருநூத்தி அறுபத்தேழு எங்கவே?” அண்ணாச்சி துடிப்புக் கணக்கை விளக்கினாரா, பேசாமல் பெண்டியத்தை மாற்றிக் கொடுத்தாரா என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் சைரிக்ஸ் என்று ஒரு குட்டி ஜமீனும் இருந்தது. 1997-ல் ஒருத்தர் வாங்கி, 1999-ல் இன்னொருத்தரிடம் விற்று, கதை முடிந்தது. தென்காசியில் அதை வாங்கியவர்கள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

இப்போது அசல் தமாஷ். 2003-ல் ஏஎம்டி ஆத்லான் 64 கொண்டுவந்தது. சிப்புக்கு உலோகத் தொப்பி போட்டாயிற்று, சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும், 89 வாட். 2004-ல் இன்டெல் பிரஸ்காட் என்ற புதுப் பெண்டியம் ஃபோரை இறக்கியது. அதில் பெரிய ரகம் 115 வாட். நான்கு கிகாஹெர்ட்ஸ் வரை போகிறோம் என்று அறிவித்துவிட்டு, சூடு தாங்காமல் அந்த அக்டோபரிலேயே கைவிட்டார்கள். ஃபேன் போட்ட இரைச்சலில் பக்கத்து வீட்டுக் கிரைண்டர் சத்தம் கேட்காது. அன்றைக்கும் அண்ணாச்சி கடையில் ஏஎம்டி என்றால் “சூடாகும்”. பெண்டியம் சுட்டால்? “அது பவர்ல்லா தம்பி.” எங்கள் பக்கத்தில் யாரும் சிப் வாங்கவில்லை என்பது என் கட்சி. சிப்பைப் பற்றி அண்ணாச்சி ஒரு தடவை சொன்னதைத்தான் எல்லோரும் காசு கொடுத்து வாங்கினார்கள்.

64 பிட் விஷயம் இதைவிட மோசம். இன்டெல் பழசை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு இட்டானியம் என்று தனிப் பாதை வெட்டியது. ஏஎம்டி பழைய வீட்டின் மேலேயே மாடி எடுத்தது. சனங்கள் மாடிக்குத்தான் ஏறினார்கள். 2004-ல் இன்டெலும் அதே ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது. வருடக்கணக்கில் ‘காப்பியடிக்கிறான்’ என்று கோர்ட்டு வாசலில் நின்றவர், காப்பியடித்தவன் எழுதியதைக் காப்பியடித்தார். ஆனால் ஸ்டிக்கர் மாறவில்லை.

சனங்களின் மடமை என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. டெல் கம்பெனி 2006 வரை ஏஎம்டியைத் தொடவேயில்லை. ஏன் என்று விசாரித்த ஐரோப்பிய ஆணையம், கம்பெனிகளுக்குத் தள்ளுபடி கொடுத்து ஏஎம்டியை வாங்கவிடாமல் செய்தார்கள் என்று 2009 மே மாதம் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே வருடம் நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைச் சமரசம் செய்துகொண்டது. அபராதத்தை 2022-ல் நீதிமன்றம் ரத்துச் செய்ய, ஒரு பகுதிக்கு மட்டும் 2023-ல் மறுபடி 37.6 கோடி யூரோ போட்டார்கள். ஆக, எங்கள் அண்ணாச்சி இலவச டீயில் செய்த காரியத்தை உலக மகா கம்பெனிகள் கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்தன. அண்ணாச்சிக்குக் கிடைத்தது ஒரு காலண்டர்.

இருவரும் இந்தியாவுக்கு ஆசை காட்டியதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஏஎம்டி தொழில்நுட்பத்தோடு ஹைதராபாத்தில் 300 கோடி டாலரில் செமிண்டியா என்று ஆலை வருவதாக 2006 வாக்கில் ஒரே பேச்சு, வரவில்லை. அதே வருடம் இன்டெல் வியட்நாமுக்குப் போய்விட்டது. ஆலை ஆசை எங்கள் பக்கத்தையும் விடவில்லை: மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஸோஹோகூட 70 கோடி டாலரில் சிப் ஆலை போட நினைத்து 2025 மே மாதம் நிறுத்தி வைத்தது. பாறைக்கும் சிலிக்கானுக்கும் உறவு உண்டு, முகூர்த்தம்தான் அமையவில்லை.

2006-ல் கோர் 2 டுவோ வந்து ஏஎம்டியை உண்மையாகவே அடித்தது. பிறகு பத்து வருடம் ஏஎம்டிக்குச் சனி. 2011-ல் புல்டோசர் என்று ஒன்று விட்டார்கள். பெயர்ப் பொருத்தம், தன் வீட்டையே இடித்தது. 2015-ல் பங்கு விலை இரண்டு டாலருக்கும் கீழே. எதிரி படுத்துவிட்டான் என்று இன்டெல் சாதாரண வாடிக்கையாளருக்குப் பத்து வருடம் நாலு கோரையே திருப்பித் திருப்பி விற்றது. 2014-ல் தலைமைக்கு வந்த லிசா சு 2017 மார்ச்சில் ரைசனை இறக்கினார். எட்டு கோர், 499 டாலர். இன்டெலின் எட்டு கோர் அன்றைக்கு ஆயிரத்துக்கும் மேல். 2022-ல் சந்தை மதிப்பில் ஏஎம்டி இன்டெலைத் தாண்டியது.

வளைகுடாவிலிருந்து வருகிற பெட்டிகளின் கதை தனி. வடகரையில் பாதிப் பேர் துபாய் விலையைத்தான் விலை என்பார்கள். 2016-ல் இன்டெல் ஒரு விதி கொண்டுவந்தது: இந்தியாவில் அங்கீகரித்த விநியோகஸ்தரிடம் வாங்கிய பிராசசருக்கு மட்டும்தான் அப்போது இந்தியாவில் வாரண்டி. துபாயில் வாங்கினால் துபாய்க்கே போ. இந்தியப் போட்டி ஆணையம் 2019-ல் இதை விசாரிக்கச் சொன்னது. பழுதான சிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விசா எடுத்துப் போவதைவிடப் புதுசு வாங்குவது லாபம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, விதி எழுதியவருக்கு முதலில் தெரிந்திருந்தது.

ஆனால் இந்தப் போரை எங்கள் ஊரில் முடித்துவைத்தது லிசா சுவும் இல்லை, போட்டி ஆணையமும் இல்லை. தமிழ்நாடு அரசு. 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். பையில் முதலமைச்சர் படம், உள்ளே விண்டோஸோடு போஸ் லினக்ஸ் என்ற அரசாங்க மென்பொருள். வந்த மறுநாளே பிள்ளைகள் அதை அழித்துவிட்டுச் சினிமா ஏற்றினார்கள். சில வருடம் கழித்து வந்த லெனோவோக்களில் உள்ளே இருந்தது ஏஎம்டி. ஜெர்ரி சாண்டர்ஸ் வாழ்நாளெல்லாம் கனவு கண்ட காட்சி: செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம் என்று வீட்டுக்கு வீடு ஏஎம்டி! ஒருத்தரும் கவனிக்கவில்லை. சூடாகும் என்று எந்தப் பெரியவரும் வேட்டியை உதறவில்லை. ஓசியில் வந்தது எப்படிச் சுடும்? மெதுவாக ஓடியது உண்மை. அதற்குத் திட்டு வாங்கியது ஏஎம்டி இல்லை. “கவர்மெண்டு லேப்டாப்பு, வேற எப்படி இருக்கும்?”

இப்போது கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மடிக்கணினிக்கு இன்டெல் ஐ3 இருந்தாலும் சரி, ஏஎம்டி ரைசன் 3 இருந்தாலும் சரி என்று டெண்டரிலேயே எழுதிவிட்டார்கள். ஏழு வருடக் கேஸ், நூறு கோடி அபராதம், ஐந்து ஸ்வரம் எல்லாவற்றையும் அரசின் எல்காட் நிறுவனக் குமாஸ்தா ஒருவர் ஒரு சாய்கோட்டில் முடித்துவிட்டார்.

இன்டெலுக்கு இது போதாத காலம். 13, 14-ம் தலைமுறைச் சிப்புகள் அதிக மின்னழுத்தத்தில் கெட்டுப்போய், 2024-ல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே ஏறக்குறைய பத்து சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. கும்பினி கோட்டைக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று. அடுத்த மாதம் என்விடியா 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. இரண்டு பாளையமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓரமாக விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் படம் காட்டும் அட்டை விற்றுக்கொண்டிருந்த கம்பெனி அது.

தென்காசிக் கடையில் அண்ணாச்சி மகன் உட்கார்ந்திருக்கிறான். அண்ணாச்சி ஓரத்தில் நாற்காலியில். போன லீவுக்கு வடகரையிலிருந்து ஒரு பையன் வந்தான், தனியாக. என்ன என்ன வேண்டும் என்று யூடியூப் பார்த்து செல்போனில் எழுதி வைத்திருந்தான். பிராசசர் என்ற இடத்தில் ரைசன். அண்ணாச்சி பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார்: “தம்பி, அது…”

“சிப்பு எதுன்னாலும் போடுங்க தாத்தா. கிராஃபிக்ஸ் கார்டு கடைசி வெல என்ன, அதச் சொல்லுங்க.”

மகன் சொன்ன விலையைக் கேட்டு அண்ணாச்சிக்குத்தான் சூடாகிவிட்டது.